ஒக்டோபர்ப் பள்ளம்

செலீன் எந்தக் கணக்கையும் மூன்று முறை கூட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள். முதல் முறை மேலிருந்து கீழே. இரண்டாம் முறை கீழிருந்து மேலே. மூன்றாம் முறை ஒரு நாள் கழித்து, வேறு நிறப் பேனையால். மூன்றும் ஒத்துவந்தால் பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு சரி போடுவாள். அப்படியும் மனம் ஆறாது. ஆனால் ஒருவரிடமும் காட்டிக் கேட்கவும் மாட்டாள். முடிக்காத வேலையை மற்றவர் கண்ணில் படவிடுவது, தலை சீவாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதுபோல அவளுக்கு.

அவளுக்கு வயது இருபத்தாறு. பகலில் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் இறக்குமதிக் கம்பனியில் வேலை. இலங்கையின் நீர்கொழும்பிலிருந்து ஐஸ் போட்ட வெள்ளை றெஜிஃபோம் நுரைப்பெட்டிகளில் வரும் மீனைச் சுங்கத்திலிருந்து எடுப்பித்து, தமிழர் நிறைந்த ஸ்காபரோக் கடைகளுக்குப் பிரித்து அனுப்புகிற கடதாசி வேலை அவளுடையது. செவ்வாயும் வியாழனும் வேலை முடிய நேரே காரை ஸ்காபரோவுக்கு விடுவாள். ஆறரைக்கு அங்கே ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு. பொருளாதார வீழ்ச்சிகளின் வரலாறு என்பது பாடம்.

ஆசையாக எடுத்த பாடம்தான் என்றாலும் அதற்குள் ஒரு தேவையும் இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகம் போய், முதல் வருடமே புள்ளிவிபரவியலில் கோட்டைவிட்டு, யாருக்கும் சொல்லாமல் திரும்பி வந்தவள் அவள். இப்போது வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருந்தது. அதற்கு விண்ணப்பிக்கப் பழைய மதிப்பெண்கள் போதாது. படிப்பித்தவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஒக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி. அந்தக் கடிதத்தை எழுதக்கூடியவர் ஒருவர்தான்: மாலை வகுப்பு ஆசிரியர் மாக்கஸ்.

மாக்கஸ் உயரமான மனிதர். கரும்பலகையில் எழுதும்போதுகூடக் குனிந்துதான் எழுதுவார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் கனடாவில் வேலை செய்கிறவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வேலை இழந்து நின்றதையும், எண்பத்தொன்றில் வட்டி இருபது வீதத்தைத் தாண்டியதையும், எண்பத்தொன்பதில் உச்சியில் நின்ற ரொறன்ரோ வீட்டு விலை சரிந்து பிறகு எத்தனையோ வருடம் எழும்பாமல் கிடந்ததையும் ஊர்ப்புதினம் சொல்வதுபோலச் சொல்லுவார். முதல் வகுப்பிலேயே அவர் சொன்ன ஒன்றைச் செலீன் அப்படியே எழுதி வைத்திருந்தாள். சந்தை என்றால் பங்குச்சந்தை மட்டுமல்ல, பேக்கரிக்காரன் பாண் விற்கிற இடமும் சந்தைதான். வீழ்ச்சி வந்தால் ஒவ்வொரு சந்தையும் ஒவ்வொரு விதமாக விழும். சில விழவே விழாது. ஒரு வீழ்ச்சியையும் ஒரு சந்தையையும் எடுத்து, என்ன நடந்தது என்று கண்டுபிடியுங்கள். அதுதான் தவணைக்கான வேலை.

மற்றவர்கள் வீடு, கார், எண்ணெய் என்று எடுத்தார்கள். செலீன் மீன் எடுத்தாள்.

கம்பனி முதலாளி வின்சன்ற் ஒரு துண்டுக் கடதாசியையும் எறியாத மனிதர். மீன் கிடங்கான ஸ்ரோருக்கு மேலே மரத்தட்டுகளில் இருபது வருட வருகைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எந்த விமானப் பறப்பில் எந்த மீன் எத்தனை பெட்டி வந்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். செலீன் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் கேட்டாள்.

"என்னத்துக்குப் பிள்ளை?"

"படிப்புக்கு, அங்கிள்."

"கொண்டு போ. தண்ணியில மட்டும் போட்டிடாதை."

ஆறு வாரம் அந்தப் புத்தகத்தோடு இருந்தாள். ஐம்பத்திரண்டு கிழமையையும் மூன்று முறை கூட்டினாள். மாசி, பங்குனியில் கிழமைக்கு எண்பத்திரண்டு பெட்டி. செப்ரெம்பரில் அறுபத்திநாலு. ஒக்டோபர் இரண்டாம் கிழமையிலிருந்து சறுக்கத் தொடங்கி, மூன்றாம் கிழமையில் முப்பத்தொன்று, நவம்பர் முதற்கிழமையில் இருபத்தொன்பது. அதே தாளில் பங்குச்சந்தைச் சுட்டெண்ணையும் சிவப்புக் கோடாக வரைந்தபோது செலீனுக்கு உடம்பு சிலிர்த்தது. அமெரிக்காவில் பெரிய வங்கிகள் கவிழ்ந்து உலகமெல்லாம் சந்தை விழுந்த அதே கிழமைகளில், ஸ்காபரோவில் மீனும் விழுந்திருந்தது. இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு ஒரே பள்ளத்துக்குள் இறங்கின.

மாசி மேட்டுக்கு 'வீழ்ச்சிக்கு முந்திய செழிப்பு' என்று பெயர் போட்டாள். ஒக்டோபர்ப் பள்ளத்துக்கு 'அச்சத்தின் தாக்கம்'. டிசெம்பரில் பெட்டிகள் திடீரென்று எழுபத்தேழுக்கு ஏறியதற்கு, அவள் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்து வேதக்காரப் பிள்ளையல்லவா, சட்டென்று காரணம் தெரிந்தது: நத்தார், கிறிஸ்து பிறப்பு. அதைப் 'பண்டிகைக்கால மீட்சி' என்று எழுதினாள்.

மாக்கஸ் அந்த வரைபைப் பார்த்து மெல்ல விசிலடித்தார். இருபத்திரண்டு பேரில் மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, கல்லூரியின் திறந்த மாலை நிகழ்ச்சியில் பேச வைப்பது வழக்கம். இந்த முறை முதற்பெயர் செலீனுடையது. அவள் கேட்டிருந்த சிபாரிசுக் கடிதத்தையும் எழுதிவிட்டதாகச் சொன்னார். இரண்டு பந்தி முழுக்க அந்த ஒக்டோபரைப் பற்றியே எழுதியிருக்கிறாராம்.

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பாட்மென்ரில் அன்றிரவு அம்மா யூஜினி வரைபை ஃபோனில் படமெடுத்து, கோயில் பெண்கள் குழுவுக்கு அனுப்பினாள். அப்பா அன்புராசா அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வகுப்புக்கு முன் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் செலீன் ஒரு பை மீன் ரோலைத் துவாரகாவின் முன்னால் வைத்தாள். துவாரகா அதே வகுப்பு. பகலில் ஒரு பல் டொக்டரிடம் வேலை செய்கிறவள். வாய் மூடாது.

"ஐயோ, வேண்டாமடி. நான் விரதம்."

"இண்டைக்கு வியாழன்தானே? வெள்ளி இல்லையே?"

"கேதாரகௌரி. தீபாவளி வரைக்கும் இருபத்தொரு நாள்."

ரோலை எடுத்த செலீனின் கை அப்படியே நின்றது. "இருபத்தொரு நாளும் மீன் இல்லையோ?"

"மீனில்லை, முட்டையில்லை, ஒண்டுமில்லை. அது முடிய உடன கந்தசஷ்டி. அது இன்னும் ஆறு நாள். எங்கட ஃப்ரீசருக்கு இப்ப ஹொலிடே."

"உங்கட வீட்டில மட்டும்தானே?"

"மட்டுமோ? சீரியஸ்லி, செலீன்? எல்லாரும் விரதம் பிடிக்கிறேல்லை. ஆனா பொம்பிளையள் கனபேர் பிடிப்பினம். அம்மா பிடிச்சா அடுப்பே பிடிச்ச மாதிரித்தானே. எங்கட பில்டிங்கில இப்ப ஏழு மாடியிலயும் மீன் மணக்காது. அப்பாதான் வேலையால வரேக்க காருக்குள்ள இருந்து ஏதோ சாப்பிட்டிட்டு வாறார். அம்மாவுக்குத் தெரியாதாம்." துவாரகா சிரித்தாள். பிறகு செலீனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னடி? நான் ஏதும் பிழையாச் சொன்னனானோ?"

"இரண்டாயிரத்து எட்டில தீபாவளி எப்ப?"

துவாரகா ஃபோனில் தேடினாள். "ஒக்டோபர் இருபத்தேழு."

செலீன் ரோலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்து, மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தாள். இருபத்தேழுக்கு முந்திய இருபத்தொரு நாள். அதற்குப் பிந்திய ஆறு நாள். ஒக்டோபர் இரண்டாம் கிழமை தொடங்கி நவம்பர் முதற்கிழமை வரை. அவள் பள்ளத்தின் இரண்டு கரையும் அச்சொட்டாக அங்கேதான் இருந்தன.

"ஓ மை கோட்," என்றாள் துவாரகா, அவளுக்கும் விளங்கியபோது. "உன்ர ரெசெஷன் எங்கட அம்மாவோ!"

அன்று மாக்கஸ் என்ன படிப்பித்தார் என்று செலீனுக்குக் கடைசிவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல் வின்சன்ரின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அங்கிள், ஒக்டோபரில ஏன் பெட்டி குறையிறது?"

வின்சன்ற் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சைவச்சனம் விரதம் பிள்ளை. வருஷா வருஷம் நான்தானே நீர்கொழும்புக்கு ஃபோன் எடுத்து, பாதியாக் குறையுங்கோ எண்டு சொல்லுறனான்."

"இரண்டாயிரத்து எட்டிலயும்?"

"எட்டிலயும்தான். ஏன், எட்டில மட்டும் அம்மனுக்கு லீவோ?"

"அப்ப ரெசெஷன்?"

"உது பாங்கில நடந்தது. சந்தை விழுந்ததெண்டு அந்தக் கிழமையே ஆரும் குழம்பு வைக்காமல் விட்டவையோ?"

செலீன் தொண்டையைச் செருமினாள். "மாசி பங்குனியில கூடுறது?"

இப்போதுதான் அவர் உண்மையாகவே திகைத்தார். "பிள்ளை, நீ வேதக்காரப் பிள்ளைதானே? தவக்காலத்தில உங்கட வீட்டில இறைச்சியே காய்ச்சுறவை?"

அவளுக்குக் காதுமடல் சுட்டது. சிறுவயதிலிருந்து ஒவ்வொரு தவக்காலமும் நாற்பது நாள் மீன் சாப்பிட்டு வளர்ந்தவள், அந்த மீன் மேட்டுக்குச் 'செழிப்பு' என்று பெயர் வைத்திருந்தாள்.

"ஆறு கிழமையா என்ர புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனீ," என்றார் வின்சன்ற். குரலில் கோபமில்லை, மனத்தாங்கல்தான். "ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். கண் முன்னால் இருந்த மனிதர். மூன்று நிறப் பேனை வைத்திருந்தவள் ஒரு வாயைத் திறக்கவில்லை.

மதியம் துவாரகா ஃபோன் எடுத்தாள். செலீன் நடந்ததைச் சொல்ல, அவள் ஒரு முறையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். துவாரகாவுக்கு அது பெரிய காரியம்.

"இங்க பார். வாற வியாழன் பேச்சு. அடுத்த நாள் கடிதம் போகுது. மாக்கஸுக்குக் கேதாரகௌரி தெரியாது. அங்க வாற ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாய் திறக்கமாட்டன். நீ பேசு, கடிதத்தை எடு, பிறகு யூனிவேர்சிற்றியில போய் நல்ல பிள்ளையாத் திருத்து."

"பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடிப் பேசுறது?"

"வாயாலதான்."

செலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய, பழைய பயம் திரும்பி வந்தது. ஏழு வருடங்களுக்கு முன் புள்ளிவிபரவியல் தாளைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே நடந்த அதே பயம். 'உனக்கு இது வராது' என்று அன்று சொன்ன குரலும் அவளுடையதுதான். அந்தக் கடிதம் போகாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை அவள் காத்திருக்கமாட்டாள், கைவிட்டுவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படித்தான் ஏழு வருடம் போயிருந்தது.

"துவா, ஒரு உதவி செய்வியோ? இரண்டாயிரத்து ஆறில இருந்து பத்து வரைக்கும் தீபாவளியும் கந்தசஷ்டியும் எப்ப எப்ப எண்டு எடுத்து அனுப்பு."

"லூசு," என்றாள் துவாரகா. ஐந்து நிமிடத்தில் திகதிகள் வந்துவிட்டன.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செலீன் ஸ்ரோரின் மேல்தட்டில் இருந்தாள். ஐந்து புத்தகம், இருநூற்றறுபது கிழமை. புத்தகங்களில் உப்பும் பழைய மீனும் மணத்தன. இந்த முறை மொத்தப் பெட்டியை மட்டும் எடுக்கவில்லை. எந்த மீன், எத்தனை பெட்டி என்று தனித்தனியாக எழுதினாள். கையுறைக்குள் விரல் விறைத்தது. மூன்று முறை கூட்ட நேரமில்லை, ஒரு முறைதான் கூட்டினாள். அது அவளுக்கு ஆடையில்லாமல் நிற்பதுபோல இருந்தாலும் மேலே மேலே எழுதிக்கொண்டே போனாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து வருடத்துக் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு வருடமும் பள்ளம் இருந்தது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இரண்டாயிரத்து ஏழில் தீபாவளி நவம்பர் இரண்டாம் கிழமை. பள்ளமும் அங்கே தள்ளிப் போயிருந்தது. ஒன்பதில் தீபாவளி ஒக்டோபர் நடுவில். பள்ளம் செப்ரெம்பர் கடைசியிலேயே தொடங்கியிருந்தது. நிலாவோடு சேர்ந்து நடக்கிற பள்ளம். உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முந்தி வந்த வருடம் தவக்கால மேடு மாசியிலேயே எழும்பியது, பிந்தி வந்தால் சித்திரை வரை இழுபட்டது. அவளுடைய பழைய வரைபில், வங்கிகள் கவிழ்ந்ததும் விரதம் வந்ததும் ஒரே கிழமைகளாக அமைந்துவிட்டன. அவ்வளவுதான்.

தான் கண்டுபிடித்தது இல்லாமல் போவதைத் தன் கையாலேயே வரைந்து பார்த்துக்கொண்டு நின்றாள் செலீன். அழுகை வரவேண்டும். வரவில்லை. அந்த நடக்கும் பள்ளம் அவ்வளவு அழகாக இருந்தது.

பிறகு விரதக் கிழமைகளையும் தவக்காலத்தையும் நத்தாரையும் ஒதுக்கி, மிச்சம் இருந்த சாதாரணக் கிழமைகளை மட்டும் எடுத்தாள். இரண்டாயிரத்து ஏழில் கிழமைக்கு அறுபத்துமூன்று பெட்டி. இரண்டாயிரத்து ஒன்பதில் அறுபத்தொன்று. நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்த அந்த வருடத்தில், கிழமைக்கு இரண்டு பெட்டிதான் குறைவு. வின்சன்ற் சொன்னது சரி, வீழ்ச்சி மீனைத் தொடவில்லை என்று எழுதப் போனவள், பேனையை நிறுத்திவிட்டு மீன்களின் பெயர்களைப் பார்த்தாள்.

அறக்குளா: ஏழில் இருபத்திரண்டு பெட்டி. ஒன்பதில் பதின்மூன்று.

சூடை: ஏழில் ஒன்பது பெட்டி. ஒன்பதில் இருபது.

அறக்குளா வெட்டினால் சதைத் துண்டு. விருந்தாளி வந்தால், பொரித்து வைக்கிற மீன். சூடை விரல் நீளம், முள்ளு நிறைந்தது, மலிவு. கிழமை கிழமையாகத் தடவிப் பார்த்தாள். மாற்றம் ஒக்டோபரில் தொடங்கவில்லை. சந்தை விழுந்து நாலு மாதம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்பது மாசியில்தான் அறக்குளா இறங்கவும் சூடை ஏறவும் தொடங்கியிருந்தன. சந்தை விழுந்த கிழமையில் சனம் மீனை மாற்றவில்லை. வேலை போன பிறகுதான் மாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் செலீன் கேட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக, முடிக்காத ஒரு கணக்கை மற்றவர்களுக்கு முன்னால் வைத்துக் கேட்டாள்.

"அப்பா, இரண்டாயிரத்து ஒன்பதில நாங்கள் என்ன மீன் சாப்பிட்டனாங்கள்?"

அம்மா முந்திக்கொண்டாள். "சூடை. சூடைப் பொரியல், சூடைச் சொதி, திரும்பச் சூடை."

"உங்கட அப்பாவை ஜனவரியில கார்ப் பாட்ஸ் ஃபக்ரறியால நிப்பாட்டினவங்கள்," என்றார் அன்புராசா. தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவர் எப்போதும் மூன்றாம் ஆளாகிவிடுவார். "பதினொரு மாசம் வேலையில்லை."

"அப்பாவுக்குச் சூடை விருப்பமெண்டெல்லே அப்ப சொன்னனீங்கள்?"

"எனக்குச் சூடையைக் கண்ணில காட்டக்கூடாது. உனக்கு முள்ளு எடுத்து எடுத்தே என்ர கண் போனது." அவர் தட்டை ஒருபக்கம் தள்ளினார். "ஆனா ஒண்டு சொல்லுறன். அந்தப் பதினொரு மாசத்தில ஒரு கிழமையும் இந்த மேசையில மீன் இல்லாமல் இருக்கேல்லை. கேட்டுப் பார், எங்கட அந்தோனியார் கோயிலடியில ஆரையும் கேட்டுப் பார். ஒருத்தரும் மீனை விடேல்லை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்துமூன்றும் அறுபத்தொன்றும் வெறும் எண்ணாக இருந்தன இதுவரை. அந்த இரண்டு பெட்டி வித்தியாசத்துக்குள் ஒரு ஊரே முதுகு வளையாமல் நின்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன் மாக்கஸிடம் போய் இரண்டு தாளையும் மேசையில் வைத்தாள். பழைய வரைபு பிழை என்றாள். ஏன் என்று சொன்னாள். ஆங்கிலத்தில் விரதம் என்றால் என்ன என்று விளக்க நாலு வசனம் தேவைப்பட்டது.

மாக்கஸ் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு, கடிதத்தை அனுப்ப முடியாது என்றார். அது அந்த ஒக்டோபரைத்தான் புகழ்கிறது. நடக்காத ஒன்றைப் புகழ்ந்து அவர் கையெழுத்து வைக்கமாட்டார். புதிதாக ஒன்று எழுதுவேன் என்று வாக்குத் தரவும் மாட்டார், ஏனென்றால் மூன்றே நாளில், ஒரே ஒரு முறை கூட்டிய கணக்கு இது. வியாழக்கிழமை பேசு, சபை கேள்வி கேட்கும், எப்படி நிற்கிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

"நான் சொன்னனானே," என்றாள் துவாரகா, காரடியில். "இப்ப என்ன செய்யப்போறாய்?"

"திரும்பக் கூட்டப்போறன்."

புதன்கிழமை வேலை முடிய மேல்தட்டில் ஏறியபோது துவாரகாவும் பின்னால் ஏறினாள். மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டு, விரதக்காரிக்கு இப்படி மணத்தில் வேலை வைக்கிறாயே என்று திட்டித் திட்டியே எண்களை வாசித்தாள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஒத்துவந்தன.

வியாழக்கிழமை மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வின்சன்ற் பின்வரிசையில், தன் வருகைப் புத்தகம் ஒன்று மேடையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வீடு பற்றி ஒருவர், கார் பற்றி ஒருவர் பேசிப் போனார்கள். மூன்றாவது செலீன்.

திரையில் முதலில் பிழையான வரைபைத்தான் போட்டாள். இரண்டு கோடும் கைகோத்து இறங்க, சபையில் ஒரு வியப்பு ஓடியது. அது அடங்கும் வரை நின்று, "இதை நான் ஆறு கிழமை உண்மை என்று நம்பினேன். இது பிழை," என்றாள். பிறகு ஐந்து வருடமும், நடக்கும் பள்ளமும். பிறகு அறக்குளாவும் சூடையும். எங்கள் சனம் மீனை விடவில்லை, மீனை மாற்றியது, அதுவும் சந்தை விழுந்து நாலு மாதத்துக்குப் பிறகு என்று முடித்தாள்.

முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் எழுந்தார். வரைபு அழகாக இருக்கிறது என்றார். முதலாவதும் அழகாகத்தான் இருந்தது. இரண்டாவதும் பிழையில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

மாக்கஸ் சுவரோரம் கைகட்டி நின்றார். செலீன் தாளைப் பார்க்கவில்லை.

"தெரியாது," என்றாள். "எனக்குத் தெரிந்த விரதங்கள் இரண்டு. ஒன்று என்னுடையது, அதையே மறந்துவிட்டேன். மற்றது என் சிநேகிதியுடையது, அவளைக் கேட்கவில்லை. எங்கள் மீனை வாங்குகிறவர்கள் தமிழர் மட்டுமில்லை. இங்கே இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் எப்போது மீன் கூட வாங்குவீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்?"

முதலில் முக்காடு போட்ட ஒரு பெண் கையை உயர்த்தி, றமழான் வருடா வருடம் பதினொரு நாள் முந்தி வரும், நோன்பு திறக்க நாங்கள் கூடத்தான் வாங்குவோம் என்றாள். ஒரு கிரேக்கக் கிழவர், எங்கள் பெரிய நோன்பில் மீனும் இல்லை, பாஸ்குத் திகதியும் உங்களோடு ஒத்துவராது என்றார். ஒரு சீனப் பெடியன், புதுவருடத்துக்கு முழு மீன் வைக்காத வீடில்லை என்றான். கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. செலீன் ஒவ்வொன்றையும் எழுதினாள். அப்பா தனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்குச் சூடையின் நீளத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

அதுவரை நின்ற நரைத்த தலைக்காரர் உட்கார்ந்து, முதல் ஆளாகக் கைதட்டினார்.

சனம் கலைந்த பிறகு மாக்கஸ் மேடைக்கு வந்தார். இன்றிரவே எழுதுகிறேன், நாளை மதியத்துக்குள் போய்விடும் என்றார். முதற்கடிதத்தைவிடச் சின்னதாக இருக்கும். கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு வரிதான். மிச்சமெல்லாம், தான் புகழ்ந்துவிட்ட ஒரு வரைபை வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்த மாணவியைப் பற்றி. அதற்கு ஆதாரமாக இரண்டு வரைபையும் சேர்த்து அனுப்பவேண்டும். பிழையானதையும். சம்மதமா?

"ஓம்," என்றாள் செலீன், தமிழிலேயே.

அவர் பேனையை நீட்டினார். இரண்டிலும் பெயரும் திகதியும் வேண்டும்.

செலீன் பிழையான தாளைத்தான் முதலில் இழுத்தாள். இரண்டு கோடும் இறங்குகிற அந்தப் பள்ளத்துக்குக் கீழே, தன் முழுப்பெயரையும் ஒரு எழுத்தும் சிதையாமல் எழுதினாள். பிறகு மற்றதையும் எடுத்தாள்.